ஆரா என்றால் எந்த ஆரா? புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு

போன வைகாசியில் அக்காவின் மகன் போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவந்து, ஒரு கிரிக்கெட்காரர் மட்டையைச் சுழற்றிக்கொண்டு நடந்துவரும் வீடியோவைக் காட்டி, “பாருங்க அம்மம்மா, ஆளுக்கு என்ன ஆரா!” என்றான். என் அம்மா கையைத் துடைத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, உற்றுப் பார்த்துவிட்டு, “ஆரா? ஆர் மனே அது?” என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் யார் என்பது ஆர்தானே. பொடியன் விழுந்து விழுந்து சிரித்தான், அம்மாவுக்குக் கடைசிவரை ஒன்றும் விளங்கவில்லை, எனக்கும் அன்றைக்கு அது வெறும் பகிடிதான்.

அடுத்த கிழமை அக்கா ஒரு கிளினிக் துண்டைக் கொண்டுவந்து நீட்டினார். அவரின் மூத்தவள், ஓ.எல். படிக்கிறவள், வகுப்பில் கரும்பலகை பாதி மறைகிறது என்று அழுதிருக்கிறாள், பிறகு தலையிடி, சத்தி. ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். டொக்டர் நல்லவர்தான், ஆனால் வெளியில் அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது அவரும் என்ன செய்வார், துண்டில் ‘மைகிரேன் வித் ஆரா’ என்று எழுதிக் கையில் கொடுத்ததோடு சரி. அக்கா வீட்டுக்கு வந்து ஆரா என்று போனில் தேடியிருக்கிறார். வந்ததெல்லாம் நிறம். ஊதா ஆரா என்றால் ஞானம், சாம்பல் ஆரா என்றால் கெட்ட சக்தி, பிள்ளையின் படத்தை அனுப்பினால் ஆராவைச் சுத்தம் செய்து தருகிறோம், கட்டணம் 4,500 ரூபாய். காசு போடப்போன நேரத்தில்தான் என்னிடம் கேட்போமே என்று தோன்றியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் ஒழுங்கையில் ஆங்கிலக் கடிதம், பத்திரம், மருந்துச் சீட்டு எல்லாம் வாசித்துச் சொல்கிற ஆள் நான்தான்.

அக்காவுக்கு அன்றைக்குத் திண்ணையில் இருந்து சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வரிசையாக வாருங்கள். எதைத் தாண்டினாலும் மூன்றாவது படியைத் தாண்ட வேண்டாம்.

முதல் படி: சொன்னது ஆர்?

அகராதியைத் திறக்க முதல், அந்தச் சொல் எந்த வாயிலிருந்து வந்தது, அதற்குப் பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள். தலையிடி, வலிப்பு, நிமிடம் என்ற சொற்கள் பக்கத்தில் இருந்தால் அது வைத்தியம். நிறம், சக்தி, சுத்தம், சக்கரம் என்று வந்தால் ஆன்மிகம், அல்லது ஆன்மிகத்தின் பெயரில் கடை. மூலம், பிரதி, ஓவியம், சடங்கு என்று வந்தால் கலை படிக்கிறவர்கள் பேசுகிறார்கள். பிளஸ், மைனஸ், ஆயிரம், பத்தாயிரம் என்று எண்களோடு வந்தால் உங்கள் வீட்டுப் பொடியன். அக்கா செய்த பிழை இந்த ஒன்றுதான். துண்டில் இருந்த மூன்று சொல்லில் கடைசிச் சொல்லை மட்டும் பிடுங்கித் தேடினார். ‘மைகிரேன்’ என்பதையும் சேர்த்துத் தேடியிருந்தால் நிறக்காரர்கள் வந்தே இருக்கமாட்டார்கள்.

இரண்டாவது படி: வேர் காற்று, தங்கம் இல்லை

ஆரா பழைய கிரேக்கச் சொல். அங்கிருந்து லத்தீனுக்குப் போனது. பொருள் மெல்லிய காற்று, இளங்காற்று, மூச்சு. ஆடி மாதத்தில் பகல் முழுக்கக் கச்சான் வீசி உடம்பு தீய்ந்துபோய், பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் போய் நிற்கும்போது பிடரியில் ஒரு குளிர் வந்து தட்டும் பாருங்கள், அதுதான் அசல் ஆரா. கையால் பிடிக்க முடியாது, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வந்தது நிச்சயம். பிறகு வந்த அத்தனை பொருளும் இந்தக் குணத்தைத்தான் ஒவ்வொரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன.

பலர் இதைத் தங்கத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். தங்கத்துக்கு லத்தீனில் ‘ஆரும்’ என்று பேர், இரசாயனப் பாடத்தில் தங்கத்தின் குறியீடு ஏயூ என்று வருவது அதனால்தான். புனிதர்களின் தலைக்குப் பின்னால் வரைகிற பொன் வட்டத்துக்கு ஆரியோல் என்று பேர், அது தங்கத்தின் வழி வந்தது. இரண்டும் ஒலியில் ஒட்டிப் பிறந்ததுபோல இருப்பதால் ஆரா என்றாலே தலைக்குப் பின்னால் மினுங்குகிற வட்டம் என்று மனதில் பதிந்துவிட்டது.

இந்தச் சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டதால் ஓர் உயிர் போன கதையே உண்டு. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ரோமக் கவிஞர் ஓவிட் சொல்லியிருக்கிறார். செஃபலஸ் என்ற வேட்டைக்காரன் வெயிலில் களைத்து மரநிழலில் சாய்ந்துகொண்டு, ஆரா, வா, வந்து என் சூட்டைத் தணி என்று காற்றைக் கூப்பிடுவானாம். ஒளிந்திருந்து கேட்ட யாரோ ஒருவர் அது ஒரு பெண்ணின் பெயர் என்று நினைத்து, அவன் மனைவி புரோக்ரிஸிடம் கோள் மூட்டிவிட்டார். அவள் பார்த்துவிடுவோம் என்று பற்றைக்குள் பதுங்கினாள். இலை அசைந்தது, மிருகம் என்று அவன் ஈட்டியை எறிந்தான். என் அம்மா அடுப்படியில் கேட்ட அதே கேள்வியைத்தான் அவளும் கேட்டிருக்க வேண்டும், ஆர் அது என்று. ஆனால் புருசனின் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

மூன்றாவது படி: டொக்டர் எழுதினால்

இந்தப் பொருளும் புதிது இல்லை. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற கிரேக்க வைத்தியர், வலிப்புக்காரப் பொடியன் ஒருவனிடம் விசாரித்தபோது, அவன் காலில் ஏதோ தொடங்கி மேலே மேலே ஏறித் தலைக்கு வந்ததும் நினைவு போய்விடுகிறது என்றான். இன்னொருவன் அது குளிர்ந்த காற்றுப்போல ஏறுகிறது என்றான். அந்தக் குளிர்ந்த காற்றுத்தான் வைத்தியப் புத்தகங்களில் ஆரா என்று நிலைத்துவிட்டது. ஆக டொக்டர் ஆரா என்று எழுதினால், பெரிதாக ஒன்று வர முதல் உடம்பு காட்டுகிற முன்னறிகுறி என்று எடுத்துக்கொள்ளுங்கள். இது இரண்டு வருத்தத்தில் வரும், இரண்டும் வேறு வேறு.

ஒன்று ஒற்றைத் தலையிடி. அது உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு அல்லது நாலில் ஒருவருக்கு ஆரா வரும். பெரும்பாலும் கண்ணில்தான். பார்வையின் நடுப்பக்கமாக ஒரு சின்னப் புள்ளி மங்கும், அதன் ஓரத்தில் வளைந்து நெளிந்த கோடு மினுங்கத் தொடங்கும், மெல்ல மெல்ல விரிந்து வெளிப்பக்கம் போகும். சிலருக்குக் கையில் ஊசி குத்துவதுபோல விறுவிறுப்பு ஏறி உதடுவரை வரும், சிலருக்குச் சொல் வாயில் வராமல் தடுமாறும். அந்த மினுங்கல் கோட்டுக்கு வைத்தியர்கள் வைத்த பெயரில் ‘கோட்டை மதில்’ இருக்கிறது. பழைய ஐரோப்பியக் கோட்டைகளின் மதில் மேலிருந்து பார்த்தால் பல்லுப்பல்லாகத் தள்ளிக்கொண்டு நிற்கும். நம் ஊர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், பத்து வருசத்தில் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அதன் மூலைக் கொத்தளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூர் விளங்கும். மருமகளிடம், அக்காவின் அந்த மூத்தவளிடம், ஒரு தாளைக் கொடுத்து நீ கண்டதை வரை என்றேன். அவள் வரைந்தது கிட்டத்தட்ட அதுதான், பாதி வட்டத்தில் பல்லுப்பல்லாக.

இது கண்ணின் கோளாறு இல்லை. மூளையின் பின்பக்கத்தில் பார்வையைக் கவனிக்கிற பகுதியில் ஓர் அலை ஊர்ந்து போகிறது. லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தனக்கே வந்த ஆராவை நேரம் குறித்துக் குறித்து வரைந்து, அந்த அலை நிமிடத்துக்கு 3 மில்லிமீற்றர் அளவில் நகர்கிறது என்று 1941இல் கணக்குச் சொன்னார். 1944இல் லெயாவ் என்ற பிரேசில் ஆராய்ச்சியாளர் முயல்களின் மூளையில் அப்படி ஓர் அலை பரவுவதைப் பதிவுசெய்து எழுதினார். ஆமைகூடக் கொஞ்சம் கெதியாகப் போகும், அதனால்தான் மருமகளுக்குக் கரும்பலகை மறைந்து முடிய இருபது நிமிடம் எடுத்திருக்கிறது.

சரி, வந்தால் என்ன செய்வது? மணியைப் பாருங்கள். ஒற்றைத் தலையிடியின் ஆரா பொதுவாக 5 நிமிடத்துக்கும் 60 நிமிடத்துக்கும் இடையில் அடங்கிவிடும், பிறகு தலையிடி வரும், சிலருக்கு வராமலும் போகும். ஒரு கண்ணைப் பொத்திப் பாருங்கள், பிறகு மற்றதை. இரண்டிலும் ஒரே மாதிரித் தெரிந்தால் மூளையின் வேலை, ஒரு கண்ணில் மட்டும் என்றால் கண் டொக்டரிடம் சுணங்காமல் போங்கள். வந்த நாள், நேரம், முதல்நாள் நித்திரை, சாப்பாடு விட்டதா, வெயிலில் நின்றதா எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள், அடுத்த கிளினிக்கில் டொக்டருக்கு உங்கள் பேச்சைவிட அந்தக் கொப்பி உதவும். மோட்டார் சைக்கிளில் போகிறபோது தொடங்கினால் ஓரம் கட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கலந்துவிட வேண்டாம். ஆரா மெல்ல ஏறும். பாரிசவாதம் சட்டென்று வரும். வாய் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், ஆரா என்று நினைத்துப் படுக்கவைக்காமல் 1990க்கு அடியுங்கள், அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை. வாழ்க்கையில் முதல்முறை இப்படி வந்தாலும், ஒரு மணித்தியாலம் தாண்டியும் அடங்காவிட்டாலும் ஆஸ்பத்திரிதான். இன்னொன்று, ஆரா வருகிற பெண்கள் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுக்க முதல் டொக்டருக்கோ மிட்வைஃபுக்கோ அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரஜன் கலந்த மாத்திரையும் இந்த ஆராவும் சேர்ந்தால் பாரிசவாத ஆபத்துக் கூடும், அதனால் வேறு முறைக்கு மாற்றுவார்கள். இதை வெட்கத்தில் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது வலிப்பு. இங்கே ஆரா சில விநாடிதான், மிஞ்சினால் ஒன்றிரண்டு நிமிடம். அடிவயிற்றிலிருந்து ஏதோ எழும்பி நெஞ்சுக்கு வருவது, இல்லாத கருகல் மணம், இந்த இடத்தில் இதே பேச்சை முன்னமே கேட்டிருக்கிறேனே என்ற நினைப்பு, காரணமில்லாத பயம், ஆளுக்கு ஆள் வேறு, ஆனால் ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும். இப்போது டொக்டர்கள் இது முன்னறிகுறி மட்டுமில்லை, மூளையின் ஒரு மூலையில் தொடங்கிவிட்ட சின்ன வலிப்பே இதுதான் என்கிறார்கள். தெரிந்தவுடன் குந்திவிட வேண்டும், அடுப்பு, கிணற்றுக்கட்டு, படிக்கட்டு எல்லாவற்றையும் விட்டு விலக வேண்டும். வாவியில் தனியாகத் தோணி விடுகிறவருக்கு இது இருந்தால் வீட்டில் உள்ளவர்கள் சண்டை பிடித்தாவது கூட ஒரு ஆளை அனுப்புங்கள். வலிப்பே வந்துவிட்டால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே சாரத்தையோ சீலையையோ மடித்து வைத்து, மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 1990. வாய்க்குள் கரண்டியோ விரலோ வைக்க வேண்டாம், கையில் திறப்புக்கோர்வையைத் திணிக்கவும் வேண்டாம், இரும்பு வலிப்பை நிறுத்தாது. இதைச் சொன்னால் எங்கள் ஒழுங்கையில் இப்போதும் என்னோடு கோபிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது படி: நிறம் சொல்லுகிறவர் வந்தால்

மனுசனைச் சுற்றி ஒளி நிற்கிறது என்ற நினைப்பு நமக்கு ஒன்றும் புதிது இல்லை. சாமிக்குப் பின்னால் திருவாசி வைக்கிறோம், பெரியவரைக் கண்டால் முகத்தில் தேசு என்கிறோம், கலியாணம் பேசிய பெண்ணை முகக்களை வந்துவிட்டது என்கிறோம். அம்பாறைப் பக்கம் போனால் பன்சலைக்குப் பன்சலை பறக்கிற பௌத்தக் கொடியைப் பாருங்கள், நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள், அப்புறம் ஐந்தும் கலந்த ஆறாவது பட்டி. புத்தரின் உடம்பிலிருந்து வீசியதாகச் சொல்கிற ஒளிக்கதிர்கள் அவை. 1885 வெசாக்கில் கொழும்பில் முதன்முதல் ஏற்றிய கொடி அது.

அந்தக் கொடியின் அளவைத் திருத்தச் சொன்னவர் ஒல்கொட். நியூயோர்க்கில் 1875இல் தொடங்கிய பிரம்மஞான சபையின் தலைவர், 1880இல் இலங்கைக்கு வந்தவர். அவருக்குப் பின்னால் வந்த லெட்பீட்டர் என்ற ஆங்கிலேயர் 1886இல் கொழும்பில் ஒரு பௌத்தப் பள்ளிக்கூடத்துக்கு அதிபராக இருந்தார், இன்றைய ஆனந்தாக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. இந்த லெட்பீட்டர்தான் 1902இல் மனிதரின் ஆராவை வண்ணப் படங்களாகப் போட்டு, எந்த நிறத்துக்கு என்ன குணம் என்று பட்டியலும் கொடுத்துப் புத்தகம் எழுதினார். அக்காவின் போனுக்கு வந்த ‘ஊதா என்றால் ஞானம்’ வகைப் பட்டியலின் பாட்டன் முப்பாட்டன் இவரின் புத்தகம்தான். வேதத்திலிருந்து வந்தது, சித்தர் சொன்னது என்று யாராவது உருட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, படம் பிடித்துக் காட்டுகிறார்களே? கிர்லியன் என்ற சோவியத் மின் தொழிலாளி 1939இல் தொடங்கிய முறை ஒன்று உண்டு. தகட்டில் கையை வைத்து உயர் மின்னழுத்தம் கொடுத்தால் விரலைச் சுற்றி நீலமாக மின்னுவது படத்தில் விழும். விழுகிறதுதான், பொய் இல்லை. ஆனால் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்தாலும் அதே மாதிரி விழும், விரல் வேர்த்திருந்தால் மாறும். காற்றில் மின்சாரம் கசிகிற வெளிச்சம் அது. இப்போது கடைகளில் உள்ள வண்ண ஆராப் படக் கருவி வேறு, கை வைக்கிற தட்டில் தோலின் மின் அளவை எடுத்து, அந்த எண்ணுக்கு இன்ன நிறம் என்று கணினி தீர்மானித்து உங்கள் முகத்துக்கு மேல் பூசிவிடும்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கையை நீட்டி, விரல் நுனியை இமைக்காமல் அரை நிமிடம் பாருங்கள். விரலின் ஓரத்தில் ஒரு வெளிச்ச வரம்பு தெரியும், பலர் இதைக் கண்டுதான் நம்பத் தொடங்குகிறார்கள். இப்போது அதே இடத்தில் ஒரு தேங்காயை வைத்துப் பாருங்கள். தேங்காய்க்கும் ஆரா வரும். கண் களைத்தால் அப்படித்தான்.

எனக்குப் பிடித்த சோதனை அமெரிக்காவில் ஒரு சிறுமி செய்தது. எமிலி ரோசா, 9 வயது, பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிக்காக. உடம்பைத் தொடாமலே அதைச் சுற்றியுள்ள சக்தியைக் கையால் உணர்ந்து குணப்படுத்துகிறோம் என்று சொன்ன 21 பேரைக் கூப்பிட்டாள். நடுவில் அட்டை மறைப்பு, அவர்கள் இரண்டு கையையும் ஓட்டை வழியாக நீட்ட வேண்டும், அவள் ஒரு கைக்கு மேலே தன் கையைப் பிடிப்பாள், எந்தக் கை என்று சொன்னால் போதும். 280 தடவை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரிவர வேண்டும், அவர்கள் சொன்னதில் சரியானது 44 வீதம். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் அது வந்தது. நமக்கு ஆராவைச் சுத்தம் செய்கிறேன் என்கிறவரிடம் ஒரு அட்டையும் இரண்டு ஓட்டையும் போதும்.

யாழ்ப்பாணத்து நண்பர்கள் மட்டக்களப்பில் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று நம்மைப் பகிடி பண்ணுகிறவர்கள். அந்தப் பேர் வாங்கிய ஊரில் இருந்துகொண்டு எங்கேயோ இருக்கிற ஒருவருக்குப் படம் அனுப்பி மந்திரம் வாங்குவது எனக்குக் கொஞ்சம் மானக்கேடாகவும் பட்டது. என் அம்மா நாவூறு கழிக்கிறார், செத்தல் மிளகாயும் ஒரு பிடி உப்பும்தான் செலவு. காத்தான்குடி நண்பனின் உம்மா தண்ணீர் ஓதி ஊதிக் கொடுப்பார். அதனால் மனம் ஆறினால் ஆறட்டும், அவர்கள் யாரும் மாத்திரையை நிறுத்து என்று சொல்வதில்லை. படம் கேட்டால், பிறந்த நேரம் கேட்டால், காசை முன்னுக்கு அனுப்பச் சொன்னால், மருந்தை விடச் சொன்னால் அந்த இடத்தில் போனை மூடுங்கள்.

ஐந்தாவது படி: கலை படிக்கிறவர்களின் ஆரா

பல்கலைக்கழகத்துக்கோ கல்லடியில் உள்ள விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ போகிற பிள்ளைகளுக்கு இது தேவைப்படும். வால்டர் பெஞ்சமின் என்ற ஜெர்மன் யூதச் சிந்தனையாளர், காரைதீவில் விபுலானந்தர் பிறந்த அதே 1892இல் பெர்லினில் பிறந்தவர், நாசிகளுக்குத் தப்பி ஓடி 1940இல் ஸ்பெயின் எல்லையில் இறந்தார். 1930களின் நடுவில் எழுதிய கட்டுரையில், ஒரு கலைப்பொருள் இந்த இடத்தில், இந்த நேரத்தில், ஒன்றே ஒன்றாக இருப்பதால் அதற்கு வருகிற கனத்தை ஆரா என்றார். எவ்வளவு கிட்டப் போனாலும் எட்டத்தில் நிற்பதுபோன்ற உணர்வு. கோடைப் பின்னேரம் படுத்துக்கொண்டு தூரத்து மலையைப் பார்க்கிறவன் அந்த மலையின் ஆராவை மூச்சாக இழுக்கிறான் என்று உதாரணமும் கொடுத்தார், பார்த்தீர்களா, மறுகாவும் காற்று, மூச்சு. வயல்வெளிக்கு அங்கால் குடும்பிமலை நீலமாகத் தெரிவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அவர் சொல்கிற இன்னொன்று நமக்கு இன்னும் கிட்ட. பழைய காலத்தில் சிலைகள் காட்சிக்கு இல்லை, சடங்குக்கு, சிலவற்றைப் பூசகரைத் தவிர யாரும் பார்க்கவே முடியாது என்கிறார். எங்கள் கண்ணகி அம்மன் கோவில்களை நினைத்துப் பாருங்கள். வைகாசியில் கதவு திறக்கும், சில நாள் சடங்கு, குளிர்த்தி பாடி முடிந்ததும் மூடிவிடுவார்கள், மறுபடி அடுத்த வைகாசிதான். கதவு திறக்கிற நேரத்தில் சனம் நெருக்குப்பட்டு எம்பி எம்பிப் பார்க்கிறதே, அந்த எம்பலைத்தான் பெஞ்சமின் ஆரா என்கிறார் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வேன். அதையே போனில் நேரலையில் பார்த்தால் முகம் நன்றாகத் தெரியும், எம்பல் வராது.

அதற்காக அவர் ஆரா போச்சே என்று ஒப்பாரி வைத்தார் என்று எழுதிவிடாதீர்கள், பரீட்சையில் பாதிப் பேர் செய்கிற பிழை அது. பிரதி எடுப்பதால் கலை சடங்கின் பிடியிலிருந்து விடுபட்டுச் சனத்திடம் வருகிறது என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்தது. நம் கூத்தை வைத்தே இதை வாதாடலாம். 1960களில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் வடமோடி என்ற கூத்து வகையைக் களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார், அதில் ஆடியவர் நம் நாடகப் பேராசிரியர் மௌனகுரு. விடியவிடிய ஆடியது ஒன்றரை மணித்தியாலத்துக்கு வந்துவிட்டது, சுற்றி இருந்து பார்த்தது ஒரு பக்கத்தால் பார்ப்பதாக மாறியது என்று குறைப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அப்படிப் போகாவிட்டால் கொழும்பிலும் கண்டியிலும் இருந்தவர்கள் கூத்து என்று ஒன்றைக் கண்டே இருக்கமாட்டார்கள். நான் எந்தப் பக்கம் என்றால், களரியில் விடியப்புறம் வரும் கடைசி வரவுக்குத்தான் என் வாக்கு, ஆனால் நித்திரை தூங்கித்தான் அதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறாவது படி: பொடியன்களின் ஆரா

ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் ஒன்றைச் செய்து முடித்தால் பிளஸ் ஆயிரம் ஆரா, சபையில் வழுக்கி விழுந்தால் மைனஸ் பத்தாயிரம். கணக்கு வைக்கிற ஆள் யாரும் இல்லை, நண்பன் வாய்க்கு வந்ததைச் சொல்வான். 2024 அளவில் இது டிக்டொக்கில் பரவியது. வேண்டுமென்றே கமெராவுக்கு முன்னால் அமைதியாக, பெரிய ஆள்போல நின்று ஆரா சேர்ப்பதற்கு ஆரா ஃபார்மிங் என்று பேர். 2025இல் இந்தோனேசியாவில் நீளத் தோணி ஓட்டப் போட்டியில், தோணியின் முனையில் கறுப்புக் கண்ணாடியோடு நின்று கையைச் சுழற்றி ஆடிய 11 வயதுப் பொடியனின் வீடியோ உலகம் முழுக்க ஓடியதே, அதுதான் இதற்கு உதாரணம். அந்த வருசம் ஒக்ஸ்போர்ட் அகராதிக்காரர்களின் ஆண்டுச் சொல் தேர்வில் இந்தச் சொல் இறுதிப் பட்டியல்வரை வந்தது.

அக்காவின் புருசன் சம்மாந்துறைப் பக்கம் வேளாண்மை செய்கிறவர். மகன் ஆரா ஃபார்மிங் என்றதும் அவர் நிமிர்ந்து பார்த்து, “எத்தனை ஏக்கர்? பெரும்போகத்துக்கா?” என்றார். நம் ஊரில் இதற்குச் சொல் முன்னமே இருக்கிறது, நடப்புக் காட்டுறது. ஆனால் ஒரு வித்தியாசம், நடப்பு என்பது எப்போதும் ஏச்சு, ஆரா பாராட்டாகவும் வரும். மெய்யாகவே உள்ளவரைச் சொன்னால் கெத்து, இல்லாமல் காட்டினால் நடப்பு, இரண்டுக்கும் பொடியன்கள் ஒரே சொல்லைப் போட்டுக்கொள்கிறார்கள். பெரியவர்கள் இதைப் பாவிக்க வேண்டாம், நான் ஒருநாள் பாவித்து மைனஸ் வாங்கினேன்.

ஏழாவது படி: மிச்சம்

இவை அவ்வளவாகக் குறுக்கே வராது. நாசாவின் ஆரா, ஓசோன் படையையும் காற்றையும் அளக்க 2004 யூலையில் ஏவிய செயற்கைக்கோள். நிலத்துக்கு டெரா, நீருக்கு அக்குவா, காற்றுக்கு ஆரா என்று மூன்று, வேரை மறக்காமல் பெயர் வைத்தவர்கள் இவர்கள்தான். கியூபாவில் ஆரா என்றால் ஒரு வகைக் கழுகு, விஞ்ஞானப் பெயரிலும் உண்டு, அமெரிக்கப் பழங்குடிச் சொல்லிலிருந்து வந்தது, காற்றோடு உறவில்லை. ஆராக் கல் என்று நீலமாக மினுங்குகிற பளிங்கு விற்றால், சாதாரணப் பளிங்கில் உலோக ஆவியைப் படியவைத்த கல் அது, வடிவுக்கு வாங்குங்கள், வருத்தத்துக்கு வேண்டாம். நித்திரையை அளக்கிற மோதிரம் ஓரா, எழுத்து வேறு. தமிழிலேயே ஆரா என்று ஒன்று இருக்கிறது, தெவிட்டாத என்று பொருள், கும்பகோணத்துப் பெருமாள் ஆராவமுதன். அதை யாரும் நிறம் சொல்லி விற்கவில்லை.

எட்டாவது படி: தமிழில் எழுதுவது

ஒரே தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டாம், கிடைக்காது, கிடைத்தாலும் அக்காவுக்கு நடந்ததே நடக்கும். வைத்தியத்தில் முன்னுணர்வு அல்லது முன்னறிகுறி, சாமி விசயத்தில் ஒளிவட்டம், மனுசருக்குத் தேசு அல்லது களை, கலைக் கட்டுரையில் ஆரா என்றே போட்டு ஒருவரி விளக்கம், பொடியன்களுக்குக் கெத்து. ‘ஒளிவட்டத்துடன் கூடிய ஒற்றைத் தலைவலி’ என்று இணையத்தில் யாரோ மொழிபெயர்த்து வைத்திருந்ததை நான் கண்ணால் கண்டேன்.

மருமகளின் பள்ளிக்கூடத்துக்கு நான் எழுதிக் கொடுத்த துண்டில் ஆரா என்ற சொல்லே இல்லை. ‘இவளுக்குச் சில வேளை கண் மங்கி மினுங்கும். பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடும். அந்த நேரம் கரும்பலகையைப் பார்க்கச் சொல்லாமல், இருட்டான இடத்தில் இருக்கவிட்டு, மணியைக் குறித்துவையுங்கள், டொக்டர் கொடுத்த மாத்திரை பையின் சின்ன அறையில் இருக்கிறது. வாய் கோணினாலோ கை விழுந்தாலோ 1990.’ கீழே அக்காவின் போன் நம்பர்.